பத்து இலக்கமும் ஒரு பாட்டியும்

வங்கிக்குச் சென்றால் கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். சமையல் எரிவாயு வேண்டுமென்றாலும் அதையே கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சேரப் போனாலும் பெயருக்கு அடுத்தபடி எண்தான். ஆயினும் நண்பர்களே, அந்த எண் நமக்குச் சொந்தமன்று. வாடகை வீட்டைப் போன்றது. நாம் விட்டுப் போனால் வேறொருவர் குடிவருவார். அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால், பழைய குடித்தனக்காரரைத் தேடி வருவோருக்கு விடை சொல்வது யார்?

ஔந்தில் நான் வாங்கிய எண்ணும் அவ்வாறு யாரோ விட்டுச் சென்றதே. ஊர் எண்ணை வீட்டாருக்கென வைத்துக்கொண்டு, ஆய்வகத் தொடர்புகளுக்காக இரண்டாவது சிம் கார்டு ஒன்று வாங்கினேன். முதல் வாரமே கடன் தவணை கேட்டு ஒருவர் மிரட்டினார். பிறகு ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்குரிய ஓ.டி.பி. வந்து விழுந்தது. திருட்டு எண்ணம் கொண்டவன் கையில் அது கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

ஞாயிறு மாலை ஒரு மூதாட்டி அழைத்தார். “பாளா, ஜேவ்லாஸ் கா?” என்றார். ‘சாப்பிட்டாயா, குழந்தாய்’ என்று பொருள். சிவகங்கையிலிருந்து என் அப்பத்தா முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே. “ஆஜி, நான் உங்கள் பேரன் அல்ல; எண் வேறு கைக்கு வந்துவிட்டது” என்று அரைகுறை மராத்தியில் சொன்னேன். “அவன் எண் எனக்கு மனப்பாடம் ஆயிற்றே” என்றார். அடுத்த ஞாயிறும் அழைத்தார். பேரன் கோபங்கொண்டு குரலை மாற்றிப் பேசுவதாகவே நினைத்தார். நான்காம் ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிப் புரியவைத்தேன். அதன்பின் அழைப்பு வரவில்லை. பேரன் கிடைத்தானா என்பதை நான் அறியேன்.

எண்ணை ஏன் மறுபடி வழங்குகிறார்கள்? நம் கைபேசி எண் பத்து இலக்கம் கொண்டது; முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்று. கணக்கிட்டால் 400 கோடி எண்கள் உண்டு. இணைப்புகளோ 100 கோடிக்கு மேல். ஆனால் எண்கள் நிறுவனவாரியாகவும் வட்டவாரியாகவும் கட்டுக் கட்டாகப் பிரித்துத் தரப்படுகின்றன. கைவிடப்பட்டவற்றை மீண்டும் வழங்காமல் புதுக்கட்டே கேட்டுக்கொண்டிருந்தால் 400 கோடியும் ஒருநாள் தீர்ந்துபோகும்.

இதற்கு விதிகளும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் வகுத்தபடி, முன்கட்டண இணைப்பு 90 நாள் பயன்படாமல் கிடந்தால்தான் துண்டிக்கலாம். 20 ரூபாய் இருப்பு இருந்தால் அப்போதும் கூடாது. துண்டித்ததும் பதிவேட்டில் எண்ணுக்கும் சிம் கார்டுக்கும் இருந்த முடிச்சு அவிழ்க்கப்படும். மேலும் 90 நாளேனும் கழிந்த பின்பே அவ்வெண் பிறருக்குப் போகும் என ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அதை ஏற்று, தன் தகவலைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு எண்ணை விட்டவருக்கே உண்டு என்றது.

கம்பித் தொலைபேசிக் காலத்தில், மாறிய எண்ணைக் கேட்டறியத் தனிச் சேவையே இருந்தது. கைபேசியில் நிறுவனம் மாறினாலும் எண் மாறாத வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. வட்டம் மாறினாலும் மாறாத வசதி 2015 ஜூலையில் வந்தது. எண்ணைக் காப்பவருக்கு இவ்வளவு வசதி! விட்டவரைத் தேடுவோருக்கோ ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்ற ஒற்றை வரிதான். சில மாதம் கழிந்தால் அதுவும் போய், அந்நியன் குரல்.

கைவிடப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்துப் பதிவேடுகளைத் திருத்துமாறு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளைப் பணித்தது. நல்ல காரியமே. ஆனால் பாட்டிக்கு எந்தப் பட்டியல் போகும்?

எண்ணை விடுபவர் இசைந்தால், அந்த 90 நாளும் அழைப்போருக்கு அவருடைய புது எண் ஒலிக்கட்டும். இயந்திரத்துக்கு இது பெரும் பாரமன்று. அதுவரை பொறுப்பு நம்முடையது. நம் சங்கத்தார் பலர் ஆண்டுதோறும் படிப்பு முடிந்து புனேயை விட்டுப் போகிறோம். பால்காரருக்குக் கணக்குத் தீர்க்கிறோம். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்கிறோம். எண்ணை விடுவதற்கு முன் வங்கிக்கும் தெரிவிப்போம். நண்பர்கள் எப்படியும் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஓர் எண்ணை மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் முதியவருக்கோ, புது எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வருவோம்.