சூட்டில் பிடிக்காத மொரிஸ் மைனர்



நம்ம பக்கம் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "காலையில ஒரே தட்டுல பிடிக்கிது சேர். ஓடி நிப்பாட்டி, பத்து நிமிசத்தால ஸ்டார்ட் பண்ணினா பிடிக்கிதே இல்ல."

என் பெரிய மாமாவின் காரும் அப்படித்தான். மாமியை கிளினிக்குக் கொண்டுபோவது அந்தக் காரில்தான். போகும்போது பிரச்சினை இல்லை, திரும்பி வரும்போதுதான் தள்ள ஆள் தேட வேண்டும். ஒரு கராஜில் கொயிலை மாற்றினார்கள். பிறகு பெற்றோல் பம்ப். பிறகு காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்று தடவை காசு போனது, வருத்தம் போகவில்லை. கடைசியில் பழைய இரும்புக்கு என்ன விலை போகும் என்று மாமா விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

காரணம் இதுதான். இந்த எஞ்சினில் காபரேட்டரும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஓடும்போது விசிறிக் காற்றும் புதிதாக வரும் பெற்றோலும் சூட்டைத் தணிக்கும். எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், எக்ஸோஸ்டின் சூடு மேலே ஏறும். பெற்றோல் தண்ணீரைப் போல 100 பாகை வரை பொறுக்காது. அதன் இலேசான பகுதி 40 பாகைக்குக் கிட்டவே ஆவியாகத் தொடங்கும். நம்ம வெயிலில் பொனட்டுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1956இல் வந்த மைனர் 1000இன் 948 சீசீ எஞ்சின் குடும்பம்தான் 1958இல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் போனது. சீமையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கும் இதே தலையிடிதான்.

சாமான் மாற்ற முன்னர், கார் பிடிக்காமல் நிற்கும் அந்த நேரத்திலேயே பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

1. சுவிட்சைப் போட்டு எஸ்.யூ. பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து நின்றால் பெற்றோல் வந்துவிட்டது. நிற்காமல் அடித்தால் எங்காவது ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுகல் இல்லை, டேங்கில் பெற்றோலும் இருக்கிறது என்றால், பைப்பில் ஆவி அடைத்திருக்கலாம்.

2. பெற்றோல் மணம் தூக்கலாக அடித்து, பிளக்கும் ஈரமாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது. சோக் இழுக்க வேண்டாம். எக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள்.

3. இரண்டும் இல்லையென்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். கொயிலும் கண்டென்சரும் சூட்டில் மட்டும் சோர்ந்துபோவதுண்டு. பெற்றோல் மணம் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

மாமாவின் காரில் பம்ப் நிற்காமல் அடித்தது. எப்போதோ யாரோ வளைத்த பெற்றோல் பைப், எக்ஸோஸ்டைத் தொடாத குறையாக நின்றது. அதைத் தள்ளிப் பூட்டி, இடையில் ஒரு தகரத்தையும் வைத்தோம். புதுச் சாமான் ஒன்றும் வாங்கவில்லை. இரும்புக்காரர் இப்போது வேறு வீடு பார்க்கிறார்.

பழைய மொரிஸ், ஒஸ்டின் ஓடிய காக்காமாரே, உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். விற்க யோசிக்கும் இன்னொருவருக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.