களிமண் அடுக்கில் நாம் போட்ட துளைகள்

கதிரியக்கக் கழிவுநீரை நிலத்துக்கடியில் செலுத்தும் இடம் என்றதும், எவ்வளவு ஆழம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடுவது என் தொழில். நான் முதலில் கேட்பது, மேலே மூடியிருக்கும் களிமண் அடுக்கில் எத்தனை துளை போட்டிருக்கிறார்கள் என்பதை.

ரஷ்யாவில் செவர்ஸ்க் நகருக்கருகே 1963-லும், திமித்ரோவ்கிராதில் 1966-லும், ஷெலஸ்னகோர்ஸ்க் அருகே 1967-லும் இந்த வேலை தொடங்கியது. செவர்ஸ்கில் ஆழம் ஏறக்குறைய 300, 400 மீட்டர். திமித்ரோவ்கிராதில் 1,100 மீட்டருக்கும் கீழே. மூன்றிலும் சேர்த்துப் பல கோடி கன மீட்டர் உள்ளே போயிருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர்களைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு முன் மாயக் அணு ஆலையின் கழிவு தேச்சா ஆற்றில் விடப்பட்டது. 1957 செப்டம்பரில் அங்கே ஒரு கழிவுத் தொட்டி வெடித்தது. ஆற்றையும் தொட்டியையும்விட மண்ணடி மேல் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் உண்டு.

கணக்கும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். கழிவை ஏற்கும் மணல் அடுக்கின் துளைகளுக்குள் நீர் ஆண்டுக்கு 5 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 ஆண்டில் அது 1,500 மீட்டர் போய்விடும். கழிவிலுள்ள ஸ்ட்ரான்சியம் அப்படிப் போகாது, மணல்துகள்களில் ஒட்டி ஒட்டிப் பிரியும். ஒட்டும் திறன் மிதமாக இருந்தாலே ஐம்பதில் ஒரு பங்கு வேகம்தான் அதற்கு. அதாவது 30 மீட்டர். ஸ்ட்ரான்சியம்-90இன் அரை ஆயுள் ஏறக்குறைய 29 ஆண்டு என்பதால், அதற்குள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

ஆனால் இந்த 'ஐம்பதில் ஒரு பங்கு' எல்லா நீருக்கும் பொருந்தாது. அமிலக் கழிவில் ஒட்டுதல் வெகுவாகக் குறைந்துவிடும். நைட்ரேட் மிகுந்த நீரில் டெக்னீசியம்-99 ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. அதன் அரை ஆயுளோ 2 லட்சம் ஆண்டுக்கு மேல். ஆய்வகக் குடுவையில் அளந்த ஓர் எண்ணை மொத்த அடுக்குக்கும் போட்டுவிடும் கணக்கைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

பக்கவாட்டில் போவதையாவது கணக்கிட முடிகிறது. மேலே வருவதுதான் கவலை. செலுத்தும் கிணறு, அழுத்தம் தணிக்கும் கிணறு, கண்காணிப்புக் கிணறு எனக் களிமண்ணைத் துளைத்து இறங்கியவை நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் கேசிங் பைப்புக்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் நிரப்பியிருக்கும். அதில் மயிரிழை இடைவெளி விட்டாலும் அது மேல்நோக்கிய வழி. கழிவு எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் கண்காணிப்புக் கிணறு வேண்டும். ஆனால் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் மூடியை உடைத்தாக வேண்டும். கிணறு குறைந்தால் கணக்கு குருடாகும், கூடினால் காப்பு பலவீனமாகும். எத்தனை போதும் என்பதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. பைப்புக்கு வெளியே கசிவு ஏறுகிறதா என்பதை வெப்ப அளவீடும் காமா அளவீடும் காட்டிக்கொடுக்கும். அந்தக் கருவிகளையும் ஆள் இருந்து, ஆண்டுதோறும் இறக்கிப் பார்த்தால்தான் உண்டு.

2011-இல் ரஷ்யச் சட்டம் இத்தகைய புதிய இடங்களைத் தடை செய்தது. பழையவை மட்டும் தொடர அனுமதித்தது. செலுத்துவதை நிறுத்தினால் அழுத்தம் மெல்ல இறங்கும், மேல்நோக்கிய உந்துதலும் தணியும். ஆனால் துளைகள் அப்படியே இருக்கும். ஆகவே கிணறுகளை மூடும் முறைதான் இனி முக்கியம். வாயை அடைத்து மூடிபோட்டால் போதாது. களிமண் அடுக்கு இருக்கும் ஆழத்தில் கேசிங்கை அரைத்தெடுத்து, பாறையோடு நேரே ஒட்டும்படி நிரப்ப வேண்டும். அதிலும் அமிலக் கழிவு தொட்ட கிணறுகளை முதலில் எடுக்க வேண்டும். அவற்றின் சிமெண்ட்தான் முதலில் கரையும்.