தாங்குவதும் தணிப்பதும்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் தன் தொழிலுக்கு ஏற்ற பெயரைப் பெறாதது ஒன்று உண்டு. நூல்களிலே அதனை அதிர்வு தாங்கி என்று எழுதுகின்றோம். கராஜிலே சொக் அப்சோபர் என்பர். சுருக்கமாகச் சொக் என்பர். இப்பெயர்களைக் கேட்போர் பாதையின் அதிர்ச்சியைச் சுமப்பது அதுவே என்று எண்ணுவர். உண்மையிலே சுமப்பது வில். சுமந்தபின் ஓயாது மேலும் கீழும் ஆடும் வில்லை அடக்குவதே சொக்கின் தொழில். தாங்குதல் வேறு, தணித்தல் வேறு. இவ்வேறுபாட்டை எமக்குத் தெளிவுற விளக்கியது எமது குடும்பத்தின் பழைய மொரிஸ் மைனர் கார்.

கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலே விற்சுருளில் ஒரு நிறைப்படியைத் தொங்கவிட்டு ஆட்டிய நினைவு நம்மிற் பலருக்கும் இருக்கும். காற்றிலே அது நெடுநேரம் ஆடும். அதே படியை முகவை நீரில் அமிழ்த்தி ஆட்டினால் விரைவில் ஓய்ந்துவிடும். வில் தான் பெற்ற சக்தியைத் திருப்பிக் கொடுக்குமேயன்றித் தன்னுள் அடக்கிவிடாது. நீரே அச்சக்தியை வாங்கி வெப்பமாக்குகின்றது. சொக் அப்சோபர் இதே வேலையை எண்ணெயைக் கொண்டு செய்கின்றது. அது பழுதுற்றால் வண்டி துள்ளும். துள்ளும்போது சில்லு நிலத்தைப் பற்றாது. நிலத்தைப் பற்றாத சில்லைப் பிரேக்கும் நிறுத்தாது, சுக்கானும் திருப்பாது. ஆகவே இது சொகுசைப் பற்றிய காரியம் மாத்திரமன்று, உயிரைப் பற்றியதுமாகும்.

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியிலே அது முதன்முதலாக வைக்கப்பட்டது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியதும் அதுவே. அதன் சொக்குகள் இக்காலத்துக் கார்களில் உள்ளனபோலக் குழாய் வடிவானவை அல்ல. பெட்டி போன்ற ஓர் உடலும், அதினின்று நீளும் ஒரு கையும் கொண்டவை. சில்லு ஏறி இறங்கும்போது அக்கை ஆடும். உள்ளே முசலம் அசைந்து எண்ணெயை ஒடுங்கிய வால்வின் வழியே தள்ளும். முன்புறச் சொக்குக்கு மற்றுமொரு கடமையும் உண்டு. அதன் கையே சில்லை மேற்புறத்தில் பிடித்து நிற்கும் உறுப்பாகவும் அமைந்துள்ளது. ஆதலால் அக்கையின் தண்டு தேய்ந்தால் வண்டி துள்ளுவதோடு சில்லும் நேர்நில்லாது சாயும். ரயர் ஒருபுறமாகத் தேயும்.

1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிலே பெற்றோல் மருந்துக்கும் அருமையாயிற்று. ஒஸ்ரின், மொரிஸ் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று மண்ணெண்ணெயினால் ஓடின. பிணியாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றவை அவையே. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது எமது காரும் அந்த மழையில் அக்கூட்டத்தோடு ஊர்ந்தது. உள்ளே ஒன்பது பேர். மேலே பாய், பானை, அரிசி மூட்டை. வில்கள் அன்று சுமந்த சுமை அவற்றுக்கு விதிக்கப்பட்டதன்று. எனினும் சுமந்தன.

அடுத்த ஆண்டில் ஊர் திரும்பியபோது நான்கு சொக்குகளும் எண்ணெய் கசிந்து வறண்டிருந்தன. உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை. கிடைத்த எண்ணெயை வார்த்தால், தேய்ந்த தண்டின் வழியே அது சில நாளில் வழிந்துவிடும். எம் அன்னையார் பின்னாசனத்திலே அமர்ந்து, முன்னாசனத்தின் முதுகை இரு கைகளாலும் இறுகப் பற்றியபடியே பயணஞ் செய்வார். பல ஆண்டுகள் அவ்வாறு சென்றமையால் அதுவே அவருக்கு இயல்பான இருக்கை ஆயிற்று.

2002 ஏப்பிரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. அதன்பின் கொழும்பு பஞ்சிகாவத்தையிலே தேடி, புதுத் தண்டும் புது றப்பரும் இட்டுப் புதுப்பித்த சொக்குகள் நான்கினைப் பெற்றோம். காரை விற்றுவிடுமாறு சொன்னோரும், குழாய்ச் சொக்குகளைப் பூட்டும்படி அறிவுறுத்தியோரும் இருந்தனர். ஊரிலே கராஜ் வைத்திருந்த ஒரு பெரியவர் மாத்திரம் பழைய முறையே தகும் என்றார். "தம்பி, வில்லு சுமக்கும், சொக்குத்தான் ஆட்டத்தை அடக்கும். சுமக்கிறதைக் கண்ட சனம் அடக்கிறதைக் காணாது" என்பது அவர் வாக்கு.

அவர் வேலை செய்த ஒழுங்கு கண்டு கற்கத் தக்கது. முன்புறத்து வில் முறுக்கேறிய ஓர் இரும்புக் கோலாகும். ஆதலால் சொக்கின் கையைக் கழற்றுமுன் கீழ்க்கையின் அடியில் ஜக் வைத்துத் தாங்கினார். அவ்வாறு தாங்காது கழற்றினால், அடங்கியிருக்கும் முறுக்கு ஒருங்கே விடுபட்டு ஆளைக் காயப்படுத்தும். புதிய சொக்கை நிமிர்த்திப் பிடித்து, எண்ணெய் நிரப்பி, அதன் கையை முழு அளவும் பலமுறை மேலும் கீழும் ஆட்டி உள்ளிருந்த காற்றைப் போக்கினார். காற்று நின்றால் முசலம் தடையின்றி ஓடும், தணிப்பு நிகழாது. வலப்புறத்தில் மாற்றியதை இடப்புறத்திலும் மாற்றினார். ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாயின் வண்டி நேராக ஓடாது. இறுதியிலே காரின் ஒவ்வொரு மூலையையும் அமுக்கி விட்டார். ஒருமுறை எழுந்து அடங்கியது. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னையாரை வல்லிபுரக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். வழக்கம்போல அவர் முன்னாசனத்தைப் பற்றிக்கொண்டார். வல்லை வெளியை அடைந்தபோது கண்ணாடியிலே பார்த்தோம். கைகள் இரண்டும் மடிமீது கிடந்தன; அவர் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரங் கழித்து, "றோட்டை நல்லாய்த் திருத்திப்போட்டாங்கள் போல" என்றார். பாதையோ பழைய குழிகளோடு அப்படியே கிடந்தது. நாம் அவரை மறுத்துரைக்கவில்லை.

தேய்வு மெல்ல நிகழ்வது. ஆதலால் வண்டியிற் செல்வோர் அதற்குப் பழகிவிடுகின்றனர். சொக் தேய்ந்தால் பாதையைப் பழிப்பர். புதிது பூட்டினால் பாதையைப் புகழ்வர். இடையில் நின்று உழைத்த உறுப்பு எவர் நினைவிலும் வருவதில்லை. இடப்பெயர்வின்போது மர நிழலிலும் கொட்டிலிலும் வகுப்பு நடத்தி, அச்சத்தினால் அலைந்த பிள்ளைகளின் மனத்தை ஒரு கணக்கினாலும் ஒரு பதிகத்தினாலும் அமைதிப்படுத்திய ஆசிரியர்களை இவ்விடத்து நினைக்கின்றோம். அக்காலத்துச் சுமையை எல்லோரும் சுமந்தோம். ஆட்டத்தைத் தணித்தவர்கள் அவர்கள்.

அன்னையார் இன்று இல்லை. கார் ஓடுகின்றது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், வைத்திருக்கப்போகும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். ஆண்டுக்கொருமுறை மூலைகளை அமுக்கிப் பாருங்கள். சொக்கின் உடலிலே எண்ணெய்க் கசிவு உண்டோ என்று தடவிப் பாருங்கள். உங்கள் வண்டியிலே பின்னாசனத்தில் அமர்ந்திருப்பவரின் கைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.