புறப்படும் முனையில் இருக்கிறது வித்தை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி மலையூர். ஜூலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனியே இல்லை. ஆனால் யூட்டா ஒலிம்பிக் பார்க்கின் குளத்தைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் காலில் கனத்த ஸ்கீ பூட்ஸ், தலையில் ஹெல்மெட், நீச்சல் உடைக்கு மேல் மிதவைச் சட்டை. ஸ்கீக்களைத் தோளில் சாத்திக்கொண்டு படியேறுகிறார்கள். மேலே பிளாஸ்டிக் இழைகள் பதித்த சரிவு. உராய்வு குறைவதற்காக அதன்மேல் தண்ணீர் ஓயாமல் தெளித்துக்கொண்டிருக்கிறது. சரிவில் சறுக்கி வந்து, ராம்ப் முனையில் எகிறி, ஆகாயத்தில் கரணமடித்துக் குளத்தில் விழுகிறார்கள். நீந்திக் கரையேறியதும் மறுபடியும் அதே படிகள்.

2002 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்பிங், பாப்ஸ்லெட் போன்ற போட்டிகள் நடந்த வளாகம் இது. காற்றில் கரணமடிக்கும் ‘ஏரியல்ஸ்’ போட்டி பக்கத்திலுள்ள டீர் வேலியில் நடந்தது. அங்கே பனியில் செய்து காட்டும் வித்தைகளைத் தண்ணீரில் உருவாக்கும் பட்டறை இந்தக் குளம். ஒரு தொடக்கக்காரர் எப்படிப் படிப்படியாகக் கடினமான வித்தைக்குப் போகிறார் என்பதைக் கிட்டத்தில் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

கரையோரம் நின்ற பயிற்சியாளர் ஒருவரின் கையில் சின்ன விசை. ஒவ்வொருவரும் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அதை அழுத்துகிறார். குளத்தின் அடியிலிருந்து காற்று பீறிட்டு வந்து, விழும் இடம் முழுக்கக் குமிழியாய்க் கொதிக்கிறது. அத்தனை உயரத்திலிருந்து விழும் உடம்புக்கு அமைதியான நீர்ப்பரப்பு பலமான அறையாக இருக்கும். குமிழி கலந்த நீர் உள்ளே இடம்கொடுக்கும். நான் பேச்சுக் கொடுத்தபோதும் அவர் கண் ராம்ப் முனையை விட்டு நகரவில்லை. பதில் சொல்லிக்கொண்டே விசையை அழுத்தினார்.

பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி 360 பழகிக்கொண்டிருந்தாள். ஒரு முழுச் சுற்று. 180 அவளுக்கு முன்பே கைவந்திருந்தது. அரைச் சுற்றில் முதுகு முன்னால் இருக்கும்படி இறங்குவதால், பின்பக்கமாகச் சறுக்கத் தெரியாமல் 180ஐக் கற்க முடியாது. 360இல் முகம் பார்த்து இறங்கலாம். ஆனால் நடுவில் ஒரு கணம் இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பிள்ளைகளுக்கு அந்தக் கணம்தான் பயம். அந்தப் பயத்தில் முனைக்கு வருவதற்கு முன்பே உடம்பைத் திருப்பிவிடுகிறார்கள். ஸ்கீ குறுக்கே திரும்பி, பாதை கோணி, முக்கால் சுற்றோடு பக்கவாட்டில் விழுகிறார்கள்.

அவளும் அப்படித்தான் விழுந்தாள். பயிற்சியாளர் அவளைத் தண்ணீருக்குத் திருப்பி அனுப்பவில்லை. பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் புல்தரையில் நிறுத்தினார். கைகளை எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கி, முழங்கால் மடக்கி, இரண்டு காலாலும் சமமாக உந்தி, கால் தரையை விட்டுக் கிளம்பும் அதே நொடியில் தோளைத் திருப்பச் சொன்னார். “முதலில் எழும்பு, பிறகு சுற்று” என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. தலை தோளுக்கு மேலாகத் திரும்பி, வரப்போகும் தரையைத் தேட வேண்டும். கண் போகும் பக்கம் உடம்பு போகும். புல்லில் நன்றாக வந்ததும் டிராம்போலின். அங்கும் ஒழுங்காக வந்த பிறகே ராம்ப். அவள் அடுத்து எகிறியபோது முனைவரை தோள் நேராக இருந்தது. சுற்று முழுசாக முடிந்து, இரண்டு ஸ்கீயும் ஒன்றாகத் தண்ணீரைக் கிழித்தன.

இந்தக் கலையின் இயற்பியல் முழுக்க அந்த ஒரு நொடிக்குள் இருக்கிறது. முனையை விட்டுக் கிளம்பிய பின் சுழல் உந்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கையை உடம்போடு ஒட்டினால் சுற்று வேகமாகும், விரித்தால் நிதானப்படும். அவ்வளவுதான் ஆளின் கையில் இருப்பது. சாட்டையை விட்டுப் போன பம்பரத்துக்கு அப்புறம் யாரும் வேகம் கொடுக்க முடியாதல்லவா? ஏரியல்ஸில் புறப்பாடு, உயரம், தூரம் மூன்றுக்கும் சேர்த்து 20 விழுக்காடு மதிப்பெண். உடல் வடிவத்துக்கு 50, இறங்குவதற்கு 30. நாள் முழுக்கப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, அந்த 20தான் மீதி 80ஐயும் முடிவுசெய்கிறது.

360க்குப் பிறகு ஏணி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஸ்லோப்ஸ்டைல், பிக் ஏர் போன்ற போட்டிகளுக்குப் போகிறது. அங்கே 540, 720 என்று சுற்று கூடிக்கொண்டே போகும். பிறகு உடம்பின் அச்சு சாயும். செங்குத்தாகச் சுற்றியது போய்ச் சாய்வாகச் சுழல்வதை ‘கார்க்’ என்கிறார்கள். இந்தக் கிளை செழிக்க ஸ்கீயே மாற வேண்டியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் மைக் டக்ளஸ் முதலிய கனடா நாட்டு இளைஞர்கள், பின்புறமாகவும் சறுக்க ஏதுவாக இரண்டு முனையும் வளைந்த ஸ்கீ கேட்டார்கள். சாலமன் நிறுவனம் அதை ‘டென்எய்ட்டி’ என்ற பெயரில் கொண்டுவந்தது. மூன்று முழுச் சுற்றின் பாகைக் கணக்கு அந்தப் பெயர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐலீன் கூ தங்கம் வென்றது, போட்டியில் தான் அதுவரை செய்திராத 1620ஐச் செய்துதான். நாலரைச் சுற்று, நடுவே இரண்டு முறை அச்சு சாய்ந்தது.

இன்னொரு கிளை ஏரியல்ஸ். ஒற்றைக் கரணம், இரட்டை, மூன்று. ஒவ்வொன்றிலும் உடம்பு முறுக்கு ஏற ஏற மதிப்பு ஏறும். மூன்று கரணத்துக்கான ராம்ப் ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். முனை செங்குத்துக்குச் சற்றுக் குறைவான சாய்வு. இந்தக் கிளையின் உச்சிகளில் ஒன்று ‘ஹரிக்கேன்’: மூன்று கரணம், ஐந்து முறுக்கு. 2010 வான்கூவரில் ஜெரட் பீட்டர்சன் அதைச் செய்து வெள்ளி வென்றார். ஏறத்தாழ 3 நொடிக்குள் முடிந்துபோகும் காரியம் அது.

இரட்டைக் கரணத்தைத் தண்ணீரில் சுத்தமாகப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞன், வரும் பனிக்காலத்தில் அதைப் பனியில் செய்யலாமா என்று கேட்டான். “இன்னும் இல்லை” என்றார் பயிற்சியாளர். அவன் முகம் சுருங்கியது. அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்: “நன்றாக வந்ததை நான் எண்ணுவதே இல்லை. புறப்பாடு கெட்டுப்போன தடவைகளில் அவன் காற்றில் என்ன செய்கிறான் என்று பார்க்கிறேன். கெட்டதிலிருந்தும் காலால் இறங்கத் தெரிந்தால்தான் பனி.” தண்ணீரில் தேறாத கரணம் பனிக்குப் போகக் கூடாது என்பது இங்குள்ளவர்களின் உறுதியான கட்டுப்பாடு. தைரியத்தை அவர்கள் குறைத்து மதிக்கவில்லை. அதற்கு அடித்தளம் கேட்கிறார்கள்.

பனிக்கும் ஆட்கள் வேண்டும். குளத்தருகே குழாய் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் குளிர்காலத்தில் இறங்கும் சரிவைக் கொத்துகிறவர். 37 பாகையை ஒட்டிய செங்குத்தான சரிவில் மண்வெட்டியோடு வரிசையாக நின்று, இறுகிய பனியை ஆழமாகக் கொத்திப் பொலபொலவென்று ஆக்குவார்களாம். ஒரு பகுதி கொத்தாமல் விடுபட்டால் யாரோ ஒருவரின் முழங்கால் போகும். வெள்ளை வெளேரென்ற பனியில் தரை எங்கே என்று காற்றிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அதற்காக ஊசியிலைகளைத் தூவுகிறார்கள், நீலச் சாயத்தால் கோடு போடுகிறார்கள். வீரர்கள் ஒவ்வொருவராக இறங்கிக் குழி விழ விழ, இவர்கள் மறுபடி இறங்கிச் சமன்செய்வார்கள். சொல்லும்போது அவர் உள்ளங்கைக் காய்ப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

இத்தனை காவலும் எதற்கு என்று பார்க் சிட்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரைக்குழாய் வடிவப் பனிச் சரிவில் வித்தை காட்டும் ஸ்கீ ஹாஃப்பைப் போட்டியை ஒலிம்பிக்கில் சேர்க்கப் போராடிய கனடாவின் சாரா பர்க், 2012 ஜனவரியில் இந்த ஊர் ஹாஃப்பைப்பில் பயிற்சியின்போது விழுந்து, சில நாள் கழித்து இறந்தார். அவர் கனவு கண்ட போட்டி 2014 சோச்சியில் அரங்கேறியது. விழுந்த அன்று அவர் முயன்றது அவருடைய தரத்துக்குப் புதிய வித்தையும் அல்ல. பழகிய வித்தைக்கும் முழுக் கவனம் தர வேண்டும் என்று இங்குள்ள பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வதில் அந்த இழப்பின் கனம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

2034இல் குளிர்கால ஒலிம்பிக் மீண்டும் யூட்டாவுக்கு வருகிறது. இன்று 360 பழகும் பிள்ளைகளில் சிலர் அப்போது போட்டியிடும் வயதில் இருப்பார்கள். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் சுற்றுகளை எண்ணுவதற்கு முன், முனையில் தோள் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தை தேறுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு வீரர்களுக்கு நடுவில் மண்வெட்டியோடு சரிவில் இறங்குகிறவர்களையும் பாருங்கள். பதக்க மேடையில் ஏறாத இவர்களையும், “இன்னும் இல்லை” என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர்களையும் நம்பித்தான் ஒரு பிள்ளை முதல் சுற்றிலிருந்து ஐந்தாவது முறுக்குவரை உயிரோடும் முழு உடம்போடும் போய்ச் சேர முடிகிறது.