பெயரும் ஆட்டமும்

1859ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிற்ஸ்பீல்ட் நகரில் அம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர் பேஸ்போல் ஆடினர். அந்நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற முதலாவது பேஸ்போல் போட்டி அதுவே. 73க்கு 32 என்ற கணக்கில் அம்ஹர்ஸ்ட் வென்றது. மறுநாள் அதே கல்லூரிகள் சதுரங்கத்திலும் மோதின. உடலின் வலிமையையும் அறிவின் கூர்மையையும் ஒருங்கே அளந்து பார்க்கும் அவா கல்விக்கூடங்களுக்குப் புதிதன்று. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னர், 1827இல், ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் லோர்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடியிருந்தன.

அமெரிக்க மாணவனுக்குப் பேஸ்போல் எதுவோ, ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையின் மாணவனுக்கு அது கிரிக்கெட் ஆயிற்று. ஆயின் கொழும்பில் அவ்வாட்டம் வேறொரு வினாவையும் சுமந்து நின்றது. ஓர் அணி யாருடைய பெயரால் ஆடுகின்றது என்பதே அவ்வினா.

கொழும்பின் பழைய கழகங்களின் பெயர்களே அந்நகரின் சமூக வரலாற்றைக் கூறுவன. 1832இல் தோன்றிய கொழும்புக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியருக்கு உரியது. மலாயர் கழகம் 1872இலும், பறங்கியர் கழகம் 1896இலும், சிங்களவர் கழகமும் தமிழ் யூனியனும் 1899இலும், சோனகர் கழகம் 1908இலும் எழுந்தன. எந்த வகையிலும் அடங்காதவர் எனப் பொருள்படும் பெயரோடு 1888இல் தோன்றிய நொன்டெஸ்கிரிப்ட்ஸ் கழகம் இவ்வரிசைக்குப் புறம்பானது. ஏனைய பெரும்பாலான கழகங்களின் சட்டையை அணிபவன் தன் ஆட்டத்தோடு தன் இனத்தின் பெயரையும் மைதானத்துக்குக் கொண்டுசென்றான். இதைக் குற்றமெனக் கொள்வதற்கில்லை. ஒவ்வொரு சமூகமும் தனக்கென ஒரு முற்றத்தை விரும்பிய காலம் அது.

இந்நிலையில், 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் உருவாயின. அதன் அணிக்கு இனத்தின் பெயரில்லை. கல்வி நிலையத்தின் பெயர் ஒன்றே உண்டு. ஆனால் அவ்வணியின் வலிமைக்கு ஓர் இயல்பான வரம்பும் இருந்தது. கழக வீரன் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே கழகத்துக்கு ஆடலாம். மாணவனோ சில ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறுவான். 1952 முதல் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி பேராதனையில் அமைந்தபோது, சுமார் 70 மைல் இடைவெளியில் பிரிந்திருந்த இரு வளாகங்களின் மாணவர் ஒரே அணியாக இயங்க வேண்டியதாயிற்று. பரீட்சைக் காலமும் ஆட்டக் காலமும் ஒன்றோடொன்று முரணுவது இதற்கு மேலதிகம்.

இத்தகைய அணி 1962-63ஆம் பருவகாலத்தில் சரா கிண்ணத்தை வென்றது. இன்றும் நினைவுகூரத்தக்க நிகழ்ச்சி இது. அக்கிண்ணம் அரசாங்க உயர் அதிகாரியாகவும் கிரிக்கெட் நிர்வாகியாகவும் விளங்கிய பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரை, அவர் மறைந்தபின் 1950-51 முதல் தாங்கியது. தமிழர் ஒருவரின் பெயர்கொண்ட கிண்ணத்துக்காக எல்லாச் சமூகங்களின் கழகங்களும் போட்டியிட்டன. அவை அனைத்தையும் விஞ்சி நின்றவர்கள் மாணவர்கள்.

காலத்தை எண்ணிப் பார்க்கும்போதே அவ்வெற்றியின் பொருள் விளங்கும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1958இல் இனக் கலவரம், 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் சத்தியாக்கிரகம் என நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1960களில் கலைப்பீட விரிவுரை மண்டபங்களும் சிங்களம், தமிழ் என மொழிவாரியாகப் பிரிந்தன. ஒரே பாடத்தைக் கற்றோர் ஒருவரையொருவர் அறியாது பட்டம் பெறும் நிலை தோன்றியது. அக்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியோரிற் சிலரைக் குறிப்பிட்டால் மனோ பொன்னையா, லரீப் இத்ரூஸ், பட்டி ரீட் என்ற பெயர்கள் வரும். வகுப்பறை பிரித்தவர்களை ஆடுகளம் சேர்த்து வைத்தது எனலாம்.

ஆயினும் இதனை மிகைப்படுத்துதல் நேர்மையாகாது. அவ்வணியினரை இணைத்தது கொழும்பின் பெரிய பாடசாலைகளில் பயின்ற கிரிக்கெட்டும் ஆங்கிலமுமே. கிராமத்துப் பாடசாலையிலிருந்து சிங்களத்திலோ தமிழிலோ கற்று வந்த மாணவன், அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவனாகவே பெரிதும் இருந்தான். இனத்தைக் கடந்த அணி வகுப்பைக் கடக்கவில்லை. சிலருக்கு மட்டும் வாய்த்த ஒற்றுமை நாட்டைக் காக்கப் போதுமானதாக இருக்கவில்லை.

போதாமையின் சான்று வெகு தொலைவில் இல்லை. ஒருகொடவத்தையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெமட்டகொடையைக் கடந்து தெற்கே வந்தால், பொரளையை அணுகுமிடத்தில் தமிழ் யூனியனின் மைதானம் உள்ளது. அதற்கும் சரவணமுத்துவின் பெயரே. 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை அங்குதான் ஆடியது. அடுத்த ஆண்டு யூலையில் அக்கழகத்தின் கட்டடம் தீக்கிரையாயிற்று. எரித்தவர் கண்டது கிரிக்கெட்டை அன்று. பெயரில் இருந்த 'தமிழ்' என்ற சொல்லை. 1985 செப்டெம்பரில் அதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் தோற்கடித்து இலங்கை தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. நாடு முழுவதும் கொண்டாடிய வெற்றிக்கு நிலம் தந்தது, ஈராண்டுகளுக்கு முன் எரியூட்டப்பட்ட முற்றமே.

பின்னர் ஆட்டத்தின் போக்கும் மாறிற்று. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தால் வளாகங்கள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. நாடு முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழக அணி என்ற பழைய அமைப்பு மறைந்தது. 1988-89 முதல் கழகப் போட்டிகள் முதற்தரத் தகுதி பெற, ஆட்டமே முழுநேரத் தொழிலாயிற்று. மாணவன் அங்கே போட்டியிடுவது அரிது. மறுபுறம், கழகப் பெயர்களின் வேலிகளும் தளர்ந்தன. தமிழ் யூனியனுக்கு முரளிதரன் ஆடினார். ரங்கன ஹேரத்தும் ஆடினார்.

பல்கலைக்கழகம் இனி அத்தகைய கிண்ணத்தை வெல்லாது போகலாம், அது பெருங்குறையன்று. வெவ்வேறு மொழிகளிற் கற்கும் மாணவர் ஓர் அணியாகக் கூடும் இடத்தை அது பேணுகின்றதா, அவ்விடத்துக்குக் கிராமத்து மாணவனும் வந்து சேர்கின்றானா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். வெற்றிப் பட்டியல்களைவிட அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே பல்கலைக்கழக விளையாட்டின் வரலாறாக நிலைக்கும்.