பதினைந்தாயிரம் ரூபாயும் ஒரு பழைய குரலும்



சபைக் காரின் ஸ்டீரியோவை மாற்றுவதற்கென நீங்கள் கொடுத்த 15,000 ரூபாய் என்ன ஆயிற்று என்று சிலர் நேரிலும் சிலர் ஜாடையிலும் கேட்டீர்கள். காணிக்கைப் பணத்துக்குக் கணக்குச் சொல்வது போதகனின் கடமை. அதோடு, உங்களில் மூன்று குடும்பத்தார் தங்கள் கார்களுக்கும் இதேபோல் வாங்கும் யோசனையில் இருப்பதாக அறிந்தேன். ஆகவே இவ்வாரச் சிந்தனையை அந்தக் காருக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரும் ஒயரும் தியானத்துக்கு உரிய பொருளா என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டிக்கு வயது பதினொன்று. தொழிற்சாலையிலிருந்து வந்த செட் சென்ற மழைக்காலத்தில் மௌனமாயிற்று. அதற்கு முன்பும் அது பேசியதைவிட முனகியதே அதிகம். புதிது வாங்கப்போகிறோம் என்ற செய்தி பரவியவுடன் வாலிபர் கூட்டத்துத் தம்பிமார் ஒரு பட்டியலோடு வந்துவிட்டார்கள்: 9 அங்குல ஆண்ட்ராய்டு திரை, நான்கு கதவுக்கும் புதிய ஸ்பீக்கர், டிக்கியில் சப்வூஃபர், அதை ஓட்ட ஓர் ஆம்ப்ளிஃபயர். கூட்டிப் பார்த்தால் 34,000 ரூபாய். “மீதியை நாங்க வசூல் பண்ணித் தர்றோம் ஐயா” என்றார்கள். கோபுரம் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்ற மனிதனைப் பற்றிய உவமையை நினைவூட்டினேன். “அது கோபுரம் ஐயா, இது டிக்கிதானே” என்றான் ஒருவன். பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

நடுத்தரமான தொகை கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கலாம், அல்லது ஒன்றை ஒழுங்காக வாங்கலாம். இரண்டாவது வழியை எடுப்பவர் ஒரு கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்: அந்தக் காரில் யார், எதைக் கேட்கப்போகிறார்கள்? நம் சபைக் கார் பெரும்பாலும் மருத்துவமனைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிற வண்டி. அதில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்தவர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பாட்டியம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிறோம். முழங்கால் மடங்காததால் முன்சீட்டில்தான் உட்காருவார். அவர் கைப்பையில் ஒரு பென் டிரைவ் உண்டு. அவருடைய காலஞ்சென்ற கணவர், 1991ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேதபாடம் வாசித்ததை யாரோ கேசட்டில் பிடித்திருக்கிறார்கள். பேரன் அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். பழைய செட்டில் அதைப் போட்டபோதெல்லாம், “அவர் சத்தம் வருது ஐயா, ஆனா என்ன சொல்றார்னு தெரியலை” என்பார். இந்த வசூலுக்கு அவர் கொடுத்த 500 ரூபாயும் அந்தப் பதினைந்தாயிரத்துக்குள் இருந்தது.

சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. இது ஏன் நேர்கிறது என்று புரிந்துகொண்டால் ஸ்பீக்கர் வாங்குகிற வேலை பாதி முடிந்துவிடும். நம் மொழியின் இலக்கணமே இதற்கு நல்ல உதவி. உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. குரல் யாருடையது, அவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ச, த, ப, ட போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகளோ ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சிதறிக் கிடக்கின்றன. முதுமையில் செவி முதலில் இழப்பது இந்த மேல் பகுதியைத்தான். ஓடும் காரில் டயரும் எஞ்சினும் எழுப்பும் இரைச்சல் கீழ்ப்பகுதியை நிரப்பிவிடுகிறது. அதற்கு ஈடுகட்ட நாம் பாஸைக் கூட்டுகிறோம். அங்கேதான் காரியம் கெடுகிறது. உரத்த தாழ்ந்த ஓசை தனக்கு மேலே உள்ள மெல்லிய ஓசைகளை மூடிவிடும் இயல்புடையது. கூட்டக் கூட்டக் குரல் கனக்கிறது, வார்த்தை மறைகிறது. தெளிவில்லாமல் ஊதப்படும் எக்காளத்தால் பயனில்லை என்று கொரிந்து சபைக்கு எழுதியபோது பவுல் வேறு ஒரு காரியத்தைப் பற்றிப் பேசினார். ஆனாலும் ஒலியைப் பற்றிய அந்த உதாரணம் நம் காருக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆகவே சப்வூஃபர் பட்டியலிலிருந்து முதலில் போயிற்று. பிறகு வாட் கணக்கைப் பார்ப்போம். இதில்தான் சாதுவான மனிதர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘50 வாட் × 4’ என்று இருக்கும். பெரும்பாலான செட்டுகளில் இந்த 50 எங்கிருந்து வருகிறது என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 207. நான்கால் வகுத்தால் 52. அதாவது ஒலி சிதைந்து, அலை தன் முழு உயரத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும்போது கிடைக்கும் உச்ச எண் அது. சிதைவில்லாத அலைக்கு அதில் பாதிதான் சாத்தியம். உள்ளே ஆகும் இழப்புகளையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 20 வாட். குறிப்பேட்டின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற பெயரில் அந்த எண் இருக்கும். வாங்கும்போது அதைக் கேளுங்கள். ஸ்பீக்கர் பெட்டியில் 300 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அங்கேயும் ஆர்.எம்.எஸ். எண்ணையே தேடுங்கள். அந்த 300-ஐக் கொடுக்கும் செட் உங்களிடம் இல்லை.

20 வாட் போதுமா என்றால், ஒரு சிறிய காருக்குத் தாராளமாகப் போதும், ஸ்பீக்கரின் ஒலித்திறன் நன்றாக இருந்தால். இந்த எண்ணை டெசிபலில் கொடுத்திருப்பார்கள். மூன்று டெசிபல் வித்தியாசம் என்பது இரு மடங்கு மின்திறனுக்குச் சமம். 90 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் 20 வாட்டில் எழுப்பும் ஒலியை 87 டெசிபல் உள்ளது எழுப்ப 40 வாட் வேண்டும். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்காதவர்களுக்கு இந்த ஒரு எண் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு: சில நிறுவனங்கள் 1 வாட்டில் அளக்கின்றன, சில 2.83 வோல்ட்டில் அளக்கின்றன. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட். எனவே இரண்டாம் வகை எண்ணிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்து ஸ்பீக்கரின் வகை. கோஆக்ஸியல் என்பதில் பெரிய கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் பொருத்தப்பட்டிருக்கும். விலை குறைவு, பொருத்துவதும் சுலபம். காம்பொனென்ட் என்பதில் வூஃபர் கதவின் அடியிலும் ட்வீட்டர் தனியே மேலேயும் வரும். நடுவில் ஒரு கிராஸ்ஓவர் ஓசையைப் பிரித்து அனுப்பும். உயர்ந்த ஓசைகள் ஒரே திசையில் நேராகப் போகிறவை. கதவின் அடியிலிருந்து புறப்பட்டால் அவை பயணியின் கணுக்காலுக்குத்தான் பிரசங்கம் செய்யும். பெரியவர்கள் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதே நோக்கம் என்பதால், நான்கு கதவுக்குமான பணத்தை முன்னிரண்டு கதவுகளுக்கே செலவிட்டு, 6.5 அங்குல காம்பொனென்ட் ஒரு ஜோடி எடுத்தோம். ட்வீட்டர் கண்ணாடியின் ஓரத்தில், காதுக்கு எதிரே உட்கார்ந்தது. பின்கதவுகளில் பழைய ஸ்பீக்கர்களே இருக்கின்றன. அவற்றின் ஒலியளவைக் குறைத்து வைத்திருக்கிறோம்.

கதவைப் பற்றிப் பலர் யோசிப்பதேயில்லை. கார்க்கதவு ஒரு தகரப் பெட்டி. உள்தகட்டில் பெரிய துளைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அந்தத் துளைகள் வழியே வெளியே வந்து முன்பக்க ஒலியின் தாழ்ந்த பகுதியைக் கரைத்துவிடும். தகடும் சேர்ந்து அதிரும். துளைகளை மூடி, தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்டினால் இரண்டு குறையும் தீரும். என் அபிப்பிராயத்தில், விலையுயர்ந்த ஸ்பீக்கரை வெறும் கதவில் மாட்டுவதைவிட நடுத்தர ஸ்பீக்கரை ஒழுங்குசெய்த கதவில் மாட்டுவது எவ்வளவோ மேல். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியும் சிறு துவாரங்களை மட்டும் ஒட்டிவிடாதபடி கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் நவம்பரில் அதன் பலன் தெரியும்.

செட்டுக்குத் திரை வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உருட்டும் குமிழை இருட்டிலும் விரல் கண்டுபிடிக்கும்; கண் சாலையிலேயே இருக்கும். தொடுதிரையில் ஒலியைக் குறைக்கக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. குமிழ், யு.எஸ்.பி., ப்ளூடூத், ஓசையைப் பகுதி பகுதியாகத் திருத்த ஓர் ஈக்வலைசர் ஆகியவை இருந்தால் போதும். பேச்சுக்குப் பாஸைக் குறைத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சிறிது உயர்த்தி வைத்திருக்கிறோம்.

வாங்கியது அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில். கார் உபகரணக் கடைகளுக்குப் பெயர்போன தெரு அது. கடைக்காரர் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். இரண்டை ஒப்பிடும்போது எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்ததென்று நம் காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகையால் இரண்டின் ஒலியளவையும் சமமாக வைத்துக் கேட்க வேண்டும். அவருடைய பாட்டை நம்பாமல் நாம் நன்றாக அறிந்த ஒலிப்பதிவைக் கொண்டுபோக வேண்டும். நான் பாட்டியம்மாவின் பென் டிரைவைக் கடன் வாங்கிப் போயிருந்தேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். காரணம் தெரிந்த பிறகு தாமே மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்.

பொருத்துகிற இடத்தில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். காரின் பழைய ஒயர்களை வெட்டி டேப் சுற்ற விடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மின்கோளாறுகள் பிற்பாடு பெரும்பாலும் அந்த டேப்புக்கு அடியில்தான் பிறக்கின்றன. முடிந்தவுடன், ஒரு தனி மனிதர் பேசும் ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள். குரல் முன்கண்ணாடிக்கு நேரே ஓரிடத்தில் நிற்க வேண்டும். இடமில்லாமல் அலைந்து, கனமும் இல்லாதிருந்தால் ஒரு ஸ்பீக்கரின் கூட்டலும் கழித்தலும் இடம் மாறியிருக்கிறது என்று அறியுங்கள். ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிண்டி மேம்பாலத்துக்கு அருகே நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாசிப்பைப் போட்டேன். ஒலியளவு பாதிக்கும் கீழேதான் இருந்தது. பாட்டியம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று என் கையைத் தட்டி, “பக்கம் திருப்புறார், கேட்டீங்களா ஐயா?” என்றார். கேட்டேன். காகிதம் சரசரக்கும் ஓசை. முழுவதும் மேல் அதிர்வெண்களில் வாழும் ஓசை அது. அந்த வாசிப்பைப் பழைய செட்டில் பலமுறை கேட்டிருந்தும் அப்படியொன்று அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. “எப்பவும் விரலை நாக்குல தொட்டுட்டுத்தான் திருப்புவார். வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டார்” என்றார். பிறகு வாசிப்பு முடியும்வரை அவர் பேசவில்லை. கேசட்டிலேயே அழிந்துபோன சில வார்த்தைகள் இருக்கின்றன. எந்த ஸ்பீக்கரும் அவற்றைத் திருப்பித் தராது என்று முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன். அந்த இடங்களில் அவர் உதடு அசைந்தது.

ஒலியளவைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலை எல்லையாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபலாகக் கூடும்போது அனுமதிக்கப்படும் நேரம் பாதி பாதியாகக் குறையும். தினமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிற தம்பிமார் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சத்தம் காதில் விழாத அளவுக்குப் பாட்டு வைப்பது, அது கீர்த்தனையாகவே இருந்தாலும், தகாது.

கணக்கு இதோ: செட் 4,800, ஸ்பீக்கர் 5,200, இரு கதவுகளுக்கும் ஷீட் 1,600, கப்ளர் 450, கூலி 1,200. ஆக 13,250 ரூபாய். மீதி 1,750 ரூபாயும் ரசீதுகளும் பொருளாளர் அண்ணனிடம் இருக்கின்றன; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சப்வூஃபர் கேட்ட தம்பிமார் அடுத்த மாத வாலிபர் முகாமுக்கு வண்டியைக் கேட்டிருக்கிறார்கள். ஈக்வலைசரின் அளவுகளை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுக்கப்போகிறேன்.