பாக்குக் கணக்கு

2017 ஜூலை 19, புதன்

ராத்திரிச் செய்தியில் பார்த்தேன். சட்டமன்றத்துக்குள் ஸ்டாலினும் தி.மு.க. உறுப்பினர்களும் குட்கா பொட்டலங்களைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். தடை போட்ட சரக்கு தாராளமாகக் கிடைக்கிறது என்று சொல்லத்தான் கொண்டுபோனார்களாம். தடை செய்த பொருளைச் சபைக்குள் கொண்டுவந்தது தப்பு என்று விவகாரம் உரிமைக் குழுவுக்குப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கிடைக்கிறதா இல்லையா என்பதல்லவா முதல் கேள்வி?

2013 மே 23-லிருந்து தடை. நாலு வருஷத்தில் எங்கள் அண்ணன் ஒரு நாள்கூடக் குட்காப் பாக்கு இல்லாமல் இருந்ததில்லை. லாரி ஓட்டுகிறவர். தூக்கம் வராமலிருக்க என்று தொடங்கிய பழக்கம், இருபது வருஷமாகிவிட்டது. தடைக்கு முன்னால் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது. இப்போது கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து வருகிறது. மாறியது அவ்வளவுதான்.

2018 ஏப்ரல் 27, வெள்ளி

குட்கா வழக்கை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று நேற்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர் ஜெ.அன்பழகன், எம்.எல்.ஏ. பேப்பரை இரண்டு தடவை படித்தேன்.

2016 ஜூலையில் சென்னையில் குட்கா தயாரிப்பாளர்களிடம் வருமான வரித்துறை சோதனை நடத்தியபோது ஒரு கணக்கு கிடைத்தது. செங்குன்றம் பக்கம் கிடங்கு வைத்து, தடை செய்த சரக்கைத் தயாரித்து விற்றவர்கள், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அதில் எழுதி வைத்திருந்தார்களாம். மொத்தம் சுமார் 40 கோடி ரூபாய் லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. ஆளின் பெயருக்குப் பதில் சில இடங்களில் எழுத்துகள் மட்டும். ஹெச்.எம். என்றால் ஹெல்த் மினிஸ்டர், சி.பி. என்றால் போலீஸ் கமிஷனர் என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஹெச்.எம். என்றால் தலைமையாசிரியர். அந்த இரண்டு எழுத்தை இப்படிப் படிக்க வேண்டி வந்ததில் மனசு கசந்துவிட்டது.

நானும் தினம் கணக்கு எழுதுகிறவள்தான். பால், காய், மூன்று மாதமாக அண்ணனின் மருந்து. கணக்கு எழுதுவது எதற்கென்று எனக்குத் தெரியும். மறுபடி மறுபடி வருகிற செலவைத்தான் எழுதி வைப்போம். அந்தத் தொழிலில் லஞ்சமும் அப்படி மாதச் செலவாக இருந்திருக்கிறது என்றால், அது பாக்கு, சுண்ணாம்பு, மூட்டை கட்டும் கூலி இவற்றோடு சேர்ந்த ஒரு வரி. சரக்கு விலையில் ஏறியிருக்கும். தடைக்குப் பிறகு விலை மூன்று மடங்காகிவிட்டது என்று அண்ணன் அலுத்துக்கொண்டாரே, அந்தக் கூடுதல் காசு எங்கெங்கே பிரிந்து போனது என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

2018 செப்டம்பர் 5, புதன்

ஆசிரியர் தினம். காலையில் பிள்ளைகள் ரோஜாவும் பேனாவும் கொடுத்தார்கள். மதியம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய் வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்திருந்தது. சட்டைப் பையில் கிழித்த பொட்டலம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்பது சட்டம். “எங்கடா வாங்கினே?” என்றதற்கு, “எல்லாக் கடையிலயும் குடுப்பாங்க டீச்சர்” என்றான். பயந்து சொல்லவில்லை. நான் இது தெரியாமல் கேட்கிறேனே என்கிற மாதிரி சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் டிவியில் சி.பி.ஐ. சோதனை. சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் வீடு, டி.ஜி.பி. டி.கே.ராஜேந்திரன் வீடு, முன்னாள் கமிஷனர் ஜார்ஜ் வீடு. ஒரே நாளில் இத்தனை பெரிய ஆட்கள் வீட்டில் சோதனை நடந்து நான் பார்த்ததில்லை. குட்காவைத் தடுக்க வேண்டிய உணவுப் பாதுகாப்புத் துறை சுகாதார அமைச்சரின் கையில். கடையில் பிடிக்க வேண்டிய போலீஸ் டி.ஜி.பி.யின் கையில்.

அண்ணன் எதிரே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். தின்றார் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கம் களி என்றால் உருண்டை பிடித்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது. அண்ணன் ஒரு காலத்தில் எலுமிச்சம்பழம் அளவு உருட்டுவார். இன்று அண்ணி களியை மோரில் கரைத்துக் கொடுக்க, டம்ளர் விளிம்பை உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். காரம் பட்டால் எரிகிறது, குழம்பே கிடையாது. பாக்கு கன்னத்துச் சதையை நாராக இறுக்கிவிட்டது என்று தருமபுரியில் டாக்டர் சொன்னார். புகையிலை கலக்காத வெறும் பாக்கே இதைச் செய்யுமாம். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல். இறுகின சதை பழையபடி ஆகாது, இதற்கு மேல் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம், புற்றாக மாறுகிறதா என்று வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்றார். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, பழகப் பழக ஒன்றொன்றாகக் கூட்டச் சொன்னார்.

இன்றைக்கு ஒன்பது குச்சி. பத்தாவதை நான் செருகப் போனபோது கையைத் தட்டிவிட்டார். கண்ணில் தண்ணீர்.

2018 செப்டம்பர் 7, வெள்ளி

ஐந்து பேர் கைதாம். குட்கா கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், மத்திய கலால் அதிகாரி ஒருவர். ஜார்ஜ் நிருபர்களைக் கூட்டி மறுத்திருக்கிறார். அமைச்சரும் மறுக்கிறார். குற்றம் நிரூபணமாகும் வரை யாரையும் குற்றவாளி என்று நான் எழுதமாட்டேன். ஆனால் விசாரணை முடியும்வரை நாற்காலியை விட்டு இறங்கியிருக்கலாம். அமைச்சர் அமைச்சராகவே இருக்கிறார், டி.ஜி.பி. டி.ஜி.பி.யாகவே இருக்கிறார்.

“சென்னையில மூடினா என்னம்மா, பெங்களூர்ல இருந்து வருது” என்றார் அண்ணன். லாரிக்காரர், வழி தெரிந்தவர். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் என்று காய்கறி மூட்டைக்கடியில் பிடிபட்ட செய்தி பேப்பரில் ஓயாமல் வருகிறது. பிடிபடாதது பொம்மிடி வரைக்கும் வந்துவிடுகிறது.

2020 ஜூன் 10, புதன்

அன்பழகன் கொரோனாவில் இறந்துவிட்டார். பிறந்த நாளும் இன்றுதானாம், 62 வயது. அவர் கேட்டு வாங்கிய விசாரணை இன்னும் முடியவில்லை.

2023 நவம்பர், மழை

அண்ணனுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். முன்னாள் அமைச்சர்கள் விஜயபாஸ்கர், பி.வி.ரமணா மீது வழக்கு நடத்த ஆளுநர் அனுமதி கொடுத்துவிட்டாராம். அனுமதிதான், தீர்ப்பு இல்லை. கணக்கு கிடைத்த சோதனை நடந்தது 2016-இல்.

“அந்தப் பையன் என்ன ஆனான்?” என்று அண்ணன் கேட்டார். அன்றைக்கு எட்டாம் வகுப்பு. பத்தாவதோடு நின்றுவிட்டான். போன மாதம் பொம்மிடி ஸ்டேஷனில் சேலம் வண்டிக்கு நின்றவனைப் பார்த்தேன். “டீச்சர்” என்று எழுந்து நின்றான். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினான். அண்ணனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டு என் பையில் இருந்தது, அதைக் கொடுத்துக் கட்டாயம் போய்க் காட்டச் சொன்னேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போனானா தெரியவில்லை.

அண்ணன் பாக்கை விட்டு ஐந்து வருஷம். ராத்திரி குச்சிகளை எடுத்து வந்தேன். பதினோரு குச்சி. பன்னிரண்டாவதை அவரே எடுத்து நுனியைச் செருகிப் பார்த்தார். பாதிதான் போயிற்று. எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, டிவியைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.